சீத்து கொடுத்துவிட்டுப் போனது

மேரு,
செவ்வாய்க்கிழமை.

என் சீத்துக்குட்டிக்கு,

அக்கா நல்லபடியாக வீட்டுக்கு வந்துவிட்டேன். நேற்று தையல் பிரித்தார்கள். கர்ப்பப்பையை எடுத்தாயிற்று. உனக்கு வந்த அதே புற்றுநோய்தான், ஆனால் ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டோம், வெளியே பரவவில்லை என்று டாக்டர் சொன்னார். அதற்கு உனக்குத்தான் முதல் கும்பிடு.

நீ போய் ஒரு வருஷம் ஆகிறது, வெள்ளிக்கிழமை உனக்கு வருஷ சாமி கும்பிடுகிறோம். உனக்குப் பிடித்த கணவாய் மீன் சம்பால் வைக்கச் சொல்லியிருக்கிறேன். மூன்றாம் வகுப்போடு நின்ற கை இது, எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே.

உன் ஆபரேஷனுக்கு முன்னால் நீ கையெழுத்துப் போட்டு, கர்ப்பப்பையிலிருந்து கொஞ்சம் சதையை ஆராய்ச்சிக்குக் கொடுத்தாயே, அதை வாங்கிக்கொண்ட நர்ஸ், அந்தப் புனிதா மிஸ்ஸி, இரண்டு மாசத்துக்கு முன்னால் போன் செய்தது. உன் குடும்பத்துக்கு நன்றி சொல்லத்தான் கூப்பிட்டதாம். கர்ப்பப்பைக்குள்ளேயும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் இருக்குமாம். இந்த நோய் வந்தவர்களிடம் அது வேறு மாதிரி இருக்கிறதாம். “கிருமியால நோய் வந்துச்சா, நோயால கிருமி மாறிச்சா, இன்னும் சரியா தெரியல ஆன்டி. அதைத்தான் தேடுறோம்” என்றது.

உன் பதினாறாம் நாளில் உன் நாத்தனார் லோகேஸ்வரி, “சுத்தமா இருந்தா இதெல்லாம் ஏன் வருது?” என்றாளே, அது என் நெஞ்சிலேயே கிடந்தது. மிஸ்ஸியிடம் கேட்டுவிட்டேன். “ஐயோ ஆன்டி, அழுக்குக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. எல்லார் உடம்புலயும் கிருமி இருக்கு” என்றது. மீன் வாங்கப் போன பாசாரில் லோகேஸ்வரியைப் பார்த்தபோது, “உன் வயித்துல கிருமி இல்லாமலா நாசி லெமாக் செரிக்குது? போ லா!” என்று கேட்டேன். மீன் பையோடு நழுவிவிட்டாள்.

போனை வைக்கும் முன்னால் அந்தப் பிள்ளை என்னைக் கேட்டது: “ஆன்டிக்கு மாசம் நின்ன பிறகு எப்பவாச்சும் ரத்தம் பட்டிருக்கா?”

மூன்று வாரமாகப் பட்டுக்கொண்டிருந்தது சீத்து. உனக்கும் இப்படித்தான் தொடங்கியது என்று தெரிந்ததால்தான் பயந்து வாயைத் திறக்கவில்லை. அந்தப் பிள்ளை கேட்டதும் போனிலேயே அழுதுவிட்டேன். மறுநாள் காலையிலேயே வரச் சொல்லி, ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழைத்துப் போனது. நீ கொடுக்காமல் இருந்திருந்தால் அந்தப் போன் வந்திருக்காது. நானும் கையெழுத்துப் போட்டு என்னுடையதைக் கொடுத்துவிட்டேன்.

ஒன்று மட்டும் உன்னிடம் கேட்க வேண்டும். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆடி வெள்ளியில் நீ சாமி மேடைப் பக்கமே வராமல், “நீயே விளக்கேத்துக்கா, எனக்குத் தீட்டு” என்றாய். மாசம் நின்று ஆறு வருஷம் ஆனவளுக்கு ஏன் ரத்தம் படுகிறது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. “உனக்கு வயசு திரும்புதுடி!” என்று சிரித்தேன். நீயும் சிரித்தாய். நான் விளக்கை ஏற்றிவிட்டுப் பொங்கலை இறக்கப் போய்விட்டேன்.

இனி உனக்கு ஒரு நோவும் இல்லாமல் இருக்கட்டும். உன் பிள்ளைகளுக்கு நான் இருக்கிறேன். முன்பின் தெரியாத ஒரு பிள்ளை என்னைக் கேட்ட மாதிரி, அன்றைக்கு நான் உன்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால், சொல்லியிருப்பாயா சீத்து?

உன் அக்கா,
இராஜம்மா