மூன்று திருகும் சனி வளையமும்

நவம்பர் 9, திங்கள்

தொலைநோக்கி வந்துவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்கென்று நானே ஆசைப்பட்டு வாங்கிய முதல் பொருள். வீட்டுக்காரர் பெட்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். "இதுல என்ன தெரியும்?" சனிக்கோளின் வளையம் தெரியும் என்றேன். "சனியன விலைக்கு வாங்கிட்டு வந்திருக்கே" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று கடைக்காரர் சொன்னதை இவரிடம் ஏன்தான் உளறினேனோ. "அப்போ ஞாயித்துக்கிழமைக்குள்ள வளையம் தெரியணும். இல்லேன்னா கடைக்கு!" தீர்ப்பு சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

நவம்பர் 10

பெரிய குழாயின் முதுகில் ஒரு சின்னக் குழாய் இருக்கிறது. சின்னதில் குறி பார்த்தால்தான் பெரியதில் கோள் சிக்கும். அதற்கு இரண்டும் ஒரே இடத்தைப் பார்க்க வேண்டும். மருந்துக்கடைக்கு வேலைக்குக் கிளம்பும் முன் மொட்டைமாடிக்குப் போய், தூரத்து செல்போன் டவரின் உச்சி விளக்கைப் பெரியதின் நடுவில் நிறுத்தினேன். பிறகு சின்னதின் மூன்று திருகுகளைத் திருகித் திருகி, அதற்குள் தெரியும் கூட்டல்குறிக்கும் அதே விளக்கைக் கொண்டுவந்தேன். கழுத்து சுளுக்கிக்கொண்டது. ஆனால் கச்சிதம்!

அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "டவர் தலைகீழா நிக்குது. ரிவர்ஸ்ல போட்டுட்டியா?" என்றார். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரைக் கட்டிக்கொண்டால் இப்படித்தான்.

சாயங்காலம் "முதல்ல நான் டெஸ்ட் பண்றேன்" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஒன்றும் தெரியவில்லையாம். பிறகு நான். கூட்டல்குறியில் சனி ஜம்மென்று நிற்கிறது. பெரியதில் வெறும் இருட்டு.

நவம்பர் 11

மறுபடி டவர். மறுபடி கச்சிதம். மறுபடி அவர்தான் முதலில். மறுபடி இருட்டு.

நவம்பர் 12

காலையில் சரிசெய்த திருகு தினமும் விலகிவிடுகிறது என்று கடைக்காரருக்குப் போன் செய்தேன். "திருகு தானா கழலாதும்மா. வீட்டுல குழந்தைங்க யாராவது கை வைக்கிறாங்களா?"

"குழந்தை இல்லீங்க. புருஷன் மட்டும்தான்."

இன்றும் இருட்டு. அழுகை வந்துவிட்டது. ஒரு வளையத்துக்காகவா? ஆமா, வளையத்துக்காகத்தான்! எனக்கு வேணும்னு நான் என்ன கேட்டேன் இதுவரைக்கும்?

நவம்பர் 13

பெட்டியைத் தூசி தட்டி வாசல்பக்கம் எடுத்து வைத்திருக்கிறார். மனுஷனா இவர்?

நவம்பர் 14, சனி

கண்டுபிடித்துவிட்டேன்!

இன்று பக்கத்திலேயே நின்று பார்த்தேன். உட்கார்ந்தார். நாற்காலியை முன்னால் இழுத்தார். முதுகை நிமிர்த்தினார். வலது கை தானாக மேலே போனது. சின்னக் குழாயைத் தன் கண்ணுக்கு வாகாக இப்படி ஒரு திருகு, அப்படி ஒரு திருகு...

"ஏங்க! கையை எடுங்க! தினமும் இதத்தான் பண்றீங்களா?"

"உக்காந்தா முதல்ல கண்ணாடிய நமக்கேத்த மாதிரி வச்சுக்கணும். அது பண்ணாம எவனாவது வண்டி எடுப்பானா?"

அட கடவுளே! சீட்டை இழு, கண்ணாடியைச் சரிசெய் என்று நாள் முழுக்க ஊராருக்குச் சொல்லிச் சொல்லி, மாடிக்கு வந்தும் அந்தக் கை அடங்கவில்லை. நாலைந்து நாளாக நான் டவரைப் பார்த்துக் கழுத்து ஒடிந்ததுதான் மிச்சம்.

டவரின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதை வைத்தே மறுபடி நேராக்கினேன். "இன்னிக்கு நான்தான் முதல்ல." அவர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

பார்த்தேன். கடுகளவுதான். ஆனால் வளையத்தோடு!

"தெரியுதா? ஏய், தெரியுதா?" என்று பின்னாலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் அது எனக்கு மட்டும் இருக்கட்டுமே.

பிறகு, "ரெண்டு கையும் மடியில!" என்று அதட்டி அவரை உட்காரவைத்தேன். பார்த்தார். எழுந்து குழாயின் முன்பக்கம் போய், சனி படம் போட்ட ஸ்டிக்கர் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தார்.

நவம்பர் 15, ஞாயிறு

கடைக்காரர் கூப்பிட்டார். போனை இவர் எடுத்தார். "திருப்பிக் குடுக்கிறதா? யார் சொன்னா? வண்டி நல்லாத்தானே ஓடுது!"

சாயங்காலம் மாடிக்குப் போனேன். நாற்காலியின் முதுகில் காரிலிருந்து கழற்றிய எல் போர்டு தொங்கியது. அவர் உட்காரவில்லை. இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"முதல்ல நீ பாரு."