பங்கருக்கு இரண்டாவது வாசல்

14.5.1987, வியாழன். வின்டர்தூர்.

கடைக்குக் கீழே உள்ள குண்டுக் காப்பறையை அரிசி அடுக்க வாடகைக்கு எடுத்திருக்கிறேன். சண்டையே இல்லாத நாட்டில் வீட்டுக்கு வீடு இப்படி ஒரு கொங்கிறீற் அறை. இன்று கட்டடப் பொறுப்பாளர் வந்து கத்தினார். பின்னாலிருக்கும் அவசர வழியை என் மூட்டைகள் அடைத்துவிட்டனவாம். "வீடு இடிந்து கதவை மூடினால் எதால் வெளியே வருவாய்?" என்றார்.

அப்போதுதான் வீட்டு நினைவு வந்தது. ஊரில் மனைவி பிள்ளைகள் பதுங்க நான் வெட்டிக் கொடுத்த பங்கருக்கு ஒரே வாசல். அது ஷெல்லடிக்காக வெட்டியது. இப்போது ஆமிக்காரர் பிளேனிலிருந்து பெரிய பெரிய பீப்பாய்க் குண்டுகளை அல்லவா உருட்டிவிடுகிறார்கள்.

பின்னேரம் ஒருவழியாக மனைவியுடன் கதைக்க டெலிபோன் லைன் கிடைத்தது.

"பங்கருக்கு இன்னொரு வாசல் வெட்டுவியுமப்பா, உடனே!"

"ஓமோ? சுவிஸில இருந்து கண்டுபிடிச்சிட்டியளோ?" சிரித்தாள். "முதல் பீப்பாய் விழுந்த அண்டைக்கே பக்கத்து வீட்டாக்களோட சேர்ந்து வெட்டிப்போட்டன். இப்ப கோழியும் அதாலதான் போய் வருது. நீங்கள் எங்களை அங்க கூப்பிடுற அலுவலைப் பாருங்கோ."

மூட்டைகளை நகர்த்திவிட்டேன். அவள் இருக்கும்வரை பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாது. நாளைக் காலை கடையைப் பூட்டிவிட்டு விசா அலுவலகத்துக்குப் போகிறேன். அரிசி வேண்டியவர்கள் பின்னேரம் வரட்டும்.