ஆலர்ஸ்கேல்: உயிருடன் இருப்போர்

ஜனவரி 9, 2018

ஒருவர் குறைந்தார். ராச்டேலில் எட்னா ஆலர்ஸ்கேல், வயது 91. செய்தித்தாளின் இரங்கல் பக்கத்தில் பார்த்தேன். பதிவேட்டில் 212-ஐ அடித்துவிட்டு 211 என்று எழுதினேன்.

இருபத்தாறு வருடமாக இதுதான் என் வேலை. உலகத்தில் ஆலர்ஸ்கேல் என்ற குடும்பப் பெயரோடு எத்தனை பேர் இருக்கிறார்கள், எங்கே இருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருப்பது. இங்கிலாந்தின் யார்க்ஷயரில் எங்கள் பள்ளத்தாக்கைச் சுற்றி 61 பேர். மலைக்கு அந்தப்பக்கம் ராச்டேலில் இப்போது 142. நியூசிலாந்தில் எட்டு. அவ்வளவுதான். எல்லாரும் பள்ளத்தாக்கின் மேற்கோடியில் இருந்த ஆலர்ஸ்கேல் என்ற ஒரே பண்ணையிலிருந்து வந்தவர்கள் என்பது நம்பிக்கை. இப்போது அங்கே ஒரு சுவரும் நாற்பது ஆடுகளும்தான் மிச்சம்.

வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் மறுபடி நின்றுவிட்டது. கோட்டைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

ஜனவரி 27

ஆலர்ஸ்கேல் சங்கத்தின் செயற்குழு, தலைவர் லயனல் வீட்டில். தூரத்து உறவில் அண்ணன், ராச்டேல்காரர், ஏலக் கம்பெனி நடத்தி ஓய்வு பெற்றவர். குடும்பப் பெயரின் வரலாற்றைப் புத்தகமாகப் போடுவது என்று முடிவாயிற்று. அதாவது நான் எழுதி வைத்திருக்கும் 340 பக்கங்களை. அட்டையில் அவர் பெயர்.

"தப்பா எடுத்துக்காதே பெரில். அட்டையில ஸ்மித்னு இருந்தா வாங்குறவன் சிரிப்பான்."

சங்க விதி வேறு இருக்கிறதாம்: பெயரைத் தாங்கியவர்கள்தான் சங்கத்தின் சார்பில் எழுதலாம். நான் பிறந்தது ஆலர்ஸ்கேலாக. 1971-இல் ஃப்ராங்க் ஸ்மித்தைக் கட்டிக்கொண்டு, தெருவுக்குப் பத்துப் பேருக்கு இருக்கும் அந்தப் பெயருக்கு மாறினேன். பதிவேட்டில் எங்கள் வழக்கம், கல்யாணமாகிப் போன மகளின் பெயருக்கு எதிரே பென்சிலால் ஒரு சின்ன வட்டம். வட்டம் விழுந்தால் கதை முடிந்தது, அதற்கு மேல் அவளைத் தேட வேண்டியதில்லை. என் பெயருக்கு எதிரே அந்த வட்டத்தைப் போட்டதும் நான்தான். அன்றைக்கு அது வேடிக்கையாக இருந்தது.

லயனலின் மனைவி மோய்ரா வேறு வீட்டுப் பெண். கட்டிக்கொண்டு வந்ததால் அவள் ஆலர்ஸ்கேல். 211-இல் ஒருத்தி. துணைத் தலைவி. "இன்னொரு கேக் எடுத்துக்கோயேன்" என்றாள். எடுத்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

ஜனவரி 28

வயிறு எரிகிறது. கேக்கால் அல்ல.

பிப்ரவரி 18

லயனலுக்குப் புது ஆசை. மரபணுச் சோதனை. தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே இறங்கும் ஒன்று உண்டாம், பெயரைப் போலவே. அதை வைத்து ராச்டேல் கிளைதான் மூத்த கிளை என்று புத்தகத்தில் நிரூபிக்க வேண்டும். பண்ணைக்காரர் கிறிஸ்டோபரின் மூத்த மகன் தாமஸ், ஒரு செம்மறிக் கிடாவுக்காக அப்பனோடு சண்டை போட்டு, மலையைத் தாண்டி நடந்தே ராச்டேலுக்குப் போனான் என்று லயனல் வருடா வருடம் சொல்லுவார். தாமஸின் ஞானஸ்நானப் பதிவை மட்டும் நான் இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை.

"உன்னோடது பிரயோஜனப்படாது பெரில், ஆம்பளை வேணும்" என்றார் தொலைபேசியில். பள்ளத்தாக்குக் கிளைக்கு என் தம்பி கீத் போதும் என்றார்.

கீத் நாற்பது வருடம் மாட்டு லாரி ஓட்டியவன். அவன் சமையலறையில் உட்கார்ந்து கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் சுரண்டச் சொன்னேன்.

"ஏன்க்கா, இருபத்தாறு வருஷம் நீ தலைகீழா நின்னு தேடினது பத்தாதுன்னு, இப்ப என் எச்சில்தான் சாட்சியா? பன்றி இறைச்சி சாண்ட்விச் தின்ன வாய்க்கா இது. ரிசல்ட்ல பன்னின்னு வந்துரப்போகுது."

"வாயை மூடிட்டு சுரண்டுடா."

"மூடிட்டு எப்படிச் சுரண்டுறது?"

சிரித்துவிட்டேன். அப்புறம் காரில் வந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். அவன் பள்ளிக்கூடத்தில் வரலாற்றில் பூஜ்யம் வாங்கியவன். அவன் வாயில் இருக்கிறது, என்னிடம் இல்லை.

ஏப்ரல் 23

முடிவுகள் என் கணினிக்கு வந்தன. லயனலுக்கு அதெல்லாம் தெரியாது, நான்தான் பார்க்க வேண்டும். மூன்று முறை பார்த்தேன்.

கீத்தும் பள்ளத்தாக்கின் மற்ற இருவரும் ஒன்றுபோல். லயனலும் ராச்டேலின் மற்ற மூவரும் ஒன்றுபோல். இந்தக் கூட்டத்துக்கும் அந்தக் கூட்டத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ராச்டேல் கிளை கிறிஸ்டோபரின் மகனிடமிருந்து வரவில்லை.

பிறகு எங்கிருந்து வந்தது இந்தப் பெயர்? இவ்வளவு அபூர்வமான பெயரை யாராவது தெருவில் கண்டெடுப்பார்களா?

மே 16

பிரெஸ்டன் ஆவணக் காப்பகம், ராச்டேலின் பழைய பதிவுகள் இருக்கும் இடம். ரயிலில் இரண்டு மணி நேரம், காலையில் ஒரு டீ, அவ்வளவுதான் சாப்பாடு. எனக்குப் பசிக்கவும் இல்லை.

கண்டுபிடித்துவிட்டேன்.

நாங்கள் எப்போதும் அப்பன் பெயரை வைத்துத்தான் தேடினோம். அப்பன் பெயர் காலியாக இருந்த பதிவுகளை நான் ஒருநாளும் புரட்டியதில்லை. இன்று அவற்றை மட்டும் புரட்டினேன். 1811, மார்ச். ராச்டேலில் பஞ்சாலைத் தெரு ஒன்றின் சிறிய தேவாலயம். "தாமஸ், எஸ்தர் ஆலர்ஸ்கேலின் மகன், தாய் மணமாகாதவள்."

எஸ்தர். கிறிஸ்டோபரின் மகள்தான்.

மே 17

நேற்று முழுதாக எழுதவில்லை.

அந்த ஊரில் ஏழைகளுக்கு உதவித்தொகை கொடுக்கும் நிர்வாகத்தார் அவளைக் கூப்பிட்டு விசாரித்த காகிதமும் இருந்தது. வயது பத்தொன்பது. பஞ்சாலையில் வேலை. பிள்ளைக்குத் தகப்பன் யார் என்று கேட்டிருக்கிறார்கள். தகப்பன் பெயர் தெரிந்தால் அவன் தலையில் கட்டிவிடலாம். ஊருக்குச் சுமை இல்லை. காகிதத்தில் ஒரே வரி: "கேட்டும் சொல்ல மறுக்கிறாள்." மூன்று நாள் கழித்து மறுபடி: "மறுக்கிறாள்." கீழே கையெழுத்துக்குப் பதிலாக அவள் கீறிய பெருக்கல் குறி. மை நிறையத் தொட்டு அழுத்தியிருக்கிறாள், காகிதம் கிழிந்திருந்தது.

அவள் கர்ப்பமாக இருந்தபோது சொந்த ஊருக்கு வண்டியில் ஏற்றி அனுப்பியும் இருக்கிறார்கள். கிறிஸ்டோபர் வாசலில் நின்று "அந்தப் பெயரில் எனக்கு மகள் இல்லை" என்றாராம். அதையும் ஒரு குமாஸ்தா ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறான். வண்டி திரும்பிப் போனது.

அவள் அவன் பெயரைச் சொல்லியிருந்தால்? அவனையே கட்டி வைத்திருப்பார்கள். பிள்ளை அவன் பெயரோடு வளர்ந்திருக்கும். ராச்டேலில் 142 ஆலர்ஸ்கேல்கள் இருக்க மாட்டார்கள். பெயரின் மூன்றில் இரண்டு பங்கு ஒரு பெண் வாய் திறக்காததால் உயிரோடு இருக்கிறது.

வீட்டுக்கு வந்து பதிவேட்டில் எஸ்தரின் பக்கத்தைத் திறந்தேன். பிறப்பு 1792. "பின்னர் தடயம் இல்லை. கல்யாணமாகியிருக்கலாம்." எதிரே ஒரு வட்டம். என் கையெழுத்து. தேதி 1994.

கிறிஸ்டோபர் வாசலில் நின்று செய்ததை நான் பென்சிலால் செய்திருக்கிறேன். அவ்வளவுதானே வித்தியாசம்?

ஜூன் 3

லயனலிடம் காகித நகல்களைக் கொடுத்தேன். முகத்தில் ஈயாடவில்லை. கண்ணாடியைத் துடைத்தார், போட்டார், மறுபடி துடைத்தார்.

"குச்சி மாறிப்போயிருக்கும்."

"காகிதமும் மாறிப்போச்சா லயனல்?"

"எங்க தாத்தா அந்தக் கிடா கதையை அவரோட தாத்தா தாமஸ் வாயாலேயே கேட்டிருக்கார்."

"அவர் வேற என்ன சொல்லுவார்? எங்கம்மாவை வீட்டுக்குள்ள விடலைன்னா சொல்லுவார்?"

மோய்ரா டீ கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். லயனல் குரலைத் தாழ்த்தினார். "நூத்துநாப்பது பேர் பெருமையா வெச்சிருக்கிற பேரு பெரில். அதுல சேத்தை அள்ளிப் பூசச் சொல்றியா? நீ ஸ்மித். உனக்கு என்ன நஷ்டம்?"

எனக்கு என்ன நஷ்டமா? இருபத்தாறு வருஷம்யா! ஃப்ராங்க் ஆஸ்பத்திரியில கிடந்தப்பகூட மடியில உங்க பாட்டன் பூட்டன் பட்டியல வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். என்ன நஷ்டமாம்!

இதை அங்கே சொல்லவில்லை. "புத்தகத்துல எஸ்தர் இருக்கணும்" என்று மட்டும் சொன்னேன். "பார்க்கலாம்" என்றார். ஏலத்தில் ஒரு பொருளை விற்க விருப்பமில்லாதபோது அவர் சொல்லும் அதே "பார்க்கலாம்".

ஜூலை 30

அச்சுப்படி வந்தது. பக்கம் 88: "தாமஸ், கிறிஸ்டோபரின் மூத்த மகன்." கிடா அரைப் பக்கத்துக்கு வருகிறது. எஸ்தர் எங்கும் இல்லை.

செப்டம்பர் 1

வருடாந்திரக் கூட்டம். பள்ளத்தாக்குத் தேவாலயத்தின் கூடம். வழக்கம்போல முதலில் பன்றித் தொடை, ஊறுகாய், டீ. வழக்கம்போல டீ ஊற்றியது நான். எண்பத்து மூன்று பேர்.

பிறகு பெயர் அழைப்பு. தலைவர் ஒவ்வொரு கிளையின் மூலவர் பெயரையும் முதலில் சொல்லுவார், அந்தக் கிளையினர் எழுந்து நிற்பார்கள். அப்புறம் உயிரோடிருப்பவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். வந்திருப்பவர் "இருக்கேன்" என்பார். என்னை யாரும் கூப்பிடுவதில்லை. ஆனால் அந்தத் தாளைத் தட்டச்சு செய்வது நான். லயனல் ஒருநாளும் முன்கூட்டிப் படித்துப் பார்த்ததில்லை. நிமிர்ந்து நின்று, கணீரென்ற ஏலக் குரலில், கண் போன போக்கில் வாசித்துவிடுவார்.

"ராச்டேல் கிளை. மூலவர், எஸ்தர் ஆலர்ஸ்கேல், மணமாகாதவள், தகப்பனால் வீட்டைவிட்டு..."

அங்கேதான் நின்றார். அதற்குள் கூடம் முழுக்கக் கேட்டுவிட்டது.

யாரும் எழவில்லை. தாளைப் பார்த்தார், சமையலறை வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். என் கையில் கெட்டில் இருந்தது. கனம் தெரியவில்லை.

கடைசி வரிசையில் ட்ரேசி எழுந்தாள். பேருந்து ஓட்டுகிறவள், மணமாகாமலே மூன்று பிள்ளைகள், மூன்றுக்கும் அவள் குடும்பப் பெயர்தான். ஒவ்வொரு வருடமும் கடைசி வரிசையிலேயே உட்காருவாள், ஏன் என்று நான் கேட்டதே இல்லை. "அப்ப எல்லாரும் என் கேஸ்தானா? இது தெரியாம வருஷா வருஷம் பின்னாடி உக்காந்திருக்கேனே! இருக்கேன்!"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ஒரு கிழவர் எழுந்தார், அவர் பேத்தி எழுந்தாள். பாதிப் பேர் எழுந்தார்கள். மீதிப் பேர் கிளம்புவதற்குத் தங்கள் கோட்டுகளைத் தேடினார்கள். மோய்ரா அழுதாள்.

லயனல் நேராக என்னிடம் வந்தார். "இனிமே நீ எதுக்கும் வர வேண்டாம், மிஸஸ் ஸ்மித்."

ஐம்பது வருஷமாக பெரில் என்று கூப்பிட்டவர்.

செப்டம்பர் 2

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஒன்றுமில்லை. காலையில் எழுந்து பதிவேட்டில் என்ன வேலை பாக்கி என்று பார்க்கப் போய், எனக்கு இனி வேலையே இல்லை என்பது ஞாபகம் வந்தது.

அக்டோபர் 20

புத்தகம் தபாலில் வந்தது. பக்கம் 88 அப்படியே. கிடாவும் அப்படியே. கடைசிப் பக்கத்து நன்றிப் பட்டியலில், கூடத்தைச் சுத்தம் செய்தவருக்கு முந்தைய வரியில்: "தட்டச்சு உதவிக்கு, திருமதி ஸ்மித்."

கீத் அதைப் பார்த்துவிட்டு, "அக்கா, இதை என் கழிவறையில வெக்கட்டுமா?" என்றான். வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

நவம்பர் 12

லயனலிடமிருந்து கடிதம். பதிவேடு சங்கத்தின் சொத்தாம், நாளை மறுநாள் ஆள் அனுப்புகிறார்களாம். கொடுத்துவிடுவேன். பிரெஸ்டனில் ஒரு நகலை, எஸ்தரின் காகிதங்களோடு சேர்த்து, போன வாரமே ஒப்படைத்துவிட்டேன். யார் தேடினாலும் கிடைக்கும்.

நவம்பர் 13

வழக்கறிஞர் அலுவலகம். பெயர் மாற்றப் பத்திரம், மூன்று கையெழுத்து. சாட்சிகள் கீத்தும் ட்ரேசியும். கீத் தன்னிடம் இருக்கும் ஒரே டையைக் கட்டிக்கொண்டு வந்தான், ஃப்ராங்கின் இறுதிச் சடங்குக்குக் கட்டியது.

ஃப்ராங்க், கோபமில்லையே? நாற்பத்திரண்டு வருஷம் உங்கள் பெயரோடு சந்தோஷமாகத்தான் இருந்தேன். நீங்கள் என்ன சொல்லுவீர்கள் என்று எனக்குத் தெரியும். "எங்க கூட்டத்துல ஒண்ணு குறைஞ்சா எவன்டி கண்டுபிடிப்பான்?"

வந்ததும் ரப்பரை எடுத்தேன். எஸ்தரின் வட்டம் முழுதாகப் போகவில்லை. 1994-இல் நன்றாக அழுத்திப் போட்டிருக்கிறேன். பக்கத்தில் அவள் மகன் பெயரை மையால் எழுதினேன். பிறகு என் பக்கம். அந்த வட்டம் சுலபமாகப் போய்விட்டது.

நாளை ஆள் வருவதற்குள் முதல் பக்கத்தையும் சரிசெய்துவிட்டேன். ஆலர்ஸ்கேல், உயிருடன் இருப்போர்: 212.