மாலையைக் கழற்றினது நான்தான், தவம்

என் ஆசைத் தங்கச்சி தவமலருக்கு,

நீ போன பிறகு உன்னோடு மனதுக்குள்தான் கதைத்துக்கொண்டிருந்தேன். இப்போது எழுதவேண்டி வந்துவிட்டது. எட்டாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். பிழை கண்டால் சிரி. ஆனால் முழுவதையும் வாசி.

எங்கள் ஊர் அன்புவழிபுரத்தில் என்னைப் பற்றி ஒரு கதை நடக்கிறது. உன் படத்துக்குப் போட்டிருந்த மாலையை, அவ்வளவு சனத்துக்கு முன்னால் மேடையில் ஏறி நான் கழற்றினேனாம். செத்த தங்கச்சி மேல் அப்படி என்ன எரிச்சல் என்று கடையடியில் கேட்கிறார்களாம். கழற்றினது உண்மை. ஏன் என்று மற்றவர்கள் வாயால் உனக்குத் தெரியவரக் கூடாது. அதுதான் நானே சொல்கிறேன். ஊரும் கேட்டுக்கொள்ளட்டும்.

நீ ஓடின பல்கலைக்கழக மைதானத்தில் இப்போது புதிதாய் ஒரு மண்டபம் கட்டியிருக்கிறார்கள். சனம் இருந்து பார்க்கப் படிக்கட்டு, மேலே கூரை. நீ ஓடின காலத்தில் நாங்கள் வேப்பமரத்துக்குக் கீழே வெயிலில் நின்றுதானே கத்தினோம்? அந்த மண்டபத்துக்கு, பல்கலைக்கழகத்தில் இதுவரை விளையாடினவர்களில் ஆகப் பெரிய ஆளின் பெயரை வைப்பது என்று முடிவெடுத்தார்களாம். ஆகப் பெரிய ஆள் யார்? அங்கேதான் சண்டை தொடங்கியது. ஒருவர் கிரிக்கெட் என்றார், ஒருவர் கபடி என்றார். வெளிநாட்டில் இருக்கிற பழைய மாணவர்கள் போனிலேயே அடிபட்டார்கள். கடைசியில் இரண்டு பெயர் மிஞ்சியது. ஓட்டத்தில் நீ. ஈட்டி எறிதலில் உன் காலத்து நிரோஷன்.

அதற்கு மேல் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. விளையாட்டு விழாவுக்கு முதல் நாள் பட்டிமன்றம் வைப்போம், நடுவர் யாருக்குத் தீர்ப்புச் சொல்கிறாரோ அவருடைய பெயர்தான் என்று முடித்துவிட்டார்கள்.

அழைப்பிதழ் வந்த அன்றே அம்மா அதைச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டா. அம்மாவுக்கு இப்போது கண் நல்லாய் மங்கிவிட்டது. முழங்காலும் ஏலாது, நடை குறைவு. "யோகம், பேரைக் கல்லில வெட்டினாப் பிறகு என்னை ஆட்டோவில கூட்டிக்கொண்டு போ. நான் தடவிப் பாக்கவேணும்" என்றா. பிறகு, "அவளுக்குப் பிள்ளையா குட்டியா? அவளின்ர பேரைச் சொல்ல வேற என்ன இருக்கு?" என்று கேட்டா. எனக்கும் அந்தப் பெயர் வேண்டித்தான் இருந்தது. பொய் சொல்லவில்லை, வெறியாய் இருந்தது.

உப்புவெளியில் நான் சமைக்கிற விடுதியில் லீவு கேட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டு ராணியக்காவோடு போனேன். பட்டிமன்றம் பல்கலைக்கழகத்தின் பழைய கூட்ட மண்டபத்தில். முன்வரிசையில் கதிரை தந்தார்கள். மேடையைப் பார்த்தேன். நடுவிலே உன் படம். நெஞ்சில் இலக்கம் குத்தி, கொண்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு நிற்பாயே, அந்தப் படம். பெரிய மல்லிகை மாலை. முன்னால் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அந்தப் பக்கத்து முன்வரிசையில் நிரோஷன் மனைவியோடு இருந்தான். எழும்பி வந்து, "சுகமோ அக்கா?" என்று கேட்டான். வயிறு வைத்துவிட்டது தவம். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராம். நீ கண்டிருந்தால் அந்த இடத்திலேயே பகிடி பண்ணியிருப்பாய்.

பட்டிமன்றம் தொடங்கியது. உன் பக்கத்துப் பிள்ளைகள் நல்லாய்ப் பேசினார்கள். உன்னைக் காற்று என்றார்கள், நெருப்பு என்றார்கள். பிறகு நிரோஷன் பக்கத்து முதல் ஆள் வந்தார். வந்ததும் உன் படத்தைக் கும்பிட்டார். "தெய்வமாகிவிட்ட எங்கள் அக்காவை வணங்கி" என்று தொடங்கி, "நிரோஷன் அண்ணாவும் கெட்டிக்காரர்தான்" என்று முடித்துவிட்டுப் போய்க் கதிரையில் இருந்தார். இரண்டாவது ஆளும் அப்படித்தான். உன்னைப் பற்றிப் புகழ்ந்துவிட்டு, நிரோஷனுக்கு ஏதோ வேலை கேட்டு மன்றாடுகிற மாதிரி இரண்டு வசனம்.

ராணியக்கா என் தொடையில் தட்டினா. "எங்கட தவத்துக்குத்தான் வெற்றி பிள்ளை. இனி இதில இருந்து என்ன, ஐஸ்கிறீம் குடிக்கப் போவம்."

மூன்றாவதாய் ஒரு பெண்பிள்ளை வந்தாள். பெயர் சுபாங்கி, ஊர் கிளிவெட்டி என்று சொன்னார்கள். மெலிந்த பிள்ளை. கையில் ஒரு கட்டுக் கடதாசி. உன் படத்தைப் பார்த்தாள். கடதாசியைப் பார்த்தாள். பிறகு அதை மடித்துவிட்டாள்.

"நடுவர் அவர்களே, நான் எழுதிக்கொண்டு வந்ததை வாசிக்க ஏலாது. விளக்கெரியிற இடத்தில அக்காவைக் குறை சொன்னால் எங்கட அம்மா என்னை வீட்டுக்குள்ள எடுக்கமாட்டா. எங்கட பக்கம் இதோட நிறுத்துறம்."

மண்டபம் முழுக்கக் கைதட்டியது. சிலர் கண்ணைத் துடைத்தார்கள். நிரோஷன் தலையைக் குனிந்துகொண்டு இருந்தான். நடுவர் ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "அப்படியென்றால் தீர்ப்பில் சிக்கலே இல்லை" என்று சிரித்தார்.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும் இல்லையா? எனக்குக் கோபம்தான் வந்தது. வீட்டில் கரம் போர்ட் விளையாடும்போது நீ சின்னவள் என்று நான் சிவப்புக் காயை வேண்டுமென்றே தவறவிட்டேனே, நினைவிருக்கிறதா? நீ பலகையையே கவிழ்த்துவிட்டாய். காய் எல்லாம் அலுமாரிக்குக் கீழே ஓடியது. "இன்னொருக்கா விட்டுத்தந்தியெண்டால் உன்னோட விளையாடமாட்டன்" என்று கத்தினாய். அன்று இரவு சாப்பிடவும் இல்லை. இங்கே ஒரு மண்டபமே உனக்குச் சிவப்புக் காயை விட்டுத்தந்துகொண்டிருந்தது. நீயோ பலகையைக் கவிழ்க்க ஏலாமல் படத்துக்குள் நின்றாய்.

எப்படி எழும்பினேன் என்று தெரியாது. ராணியக்கா சேலையைப் பிடித்து இழுத்தா. "இரும் பிள்ளை, எங்க போறீர்?" நான் மேடைப் படியில் ஏறிவிட்டேன். பின்னால் யாரோ "ஆர் அந்த மனிசி?" என்று கேட்டது காதில் விழுந்தது.

"என்னம்மா, என்ன வேணும்?" என்றார் நடுவர்.

"நான் தவத்தின்ர அக்கா. இந்தப் படம் இங்க இருந்தால் ஆரும் வாய் திறக்கமாட்டினம் ஐயா. இதை இறக்குங்கோ."

"அது மரியாதைக்கு வைத்ததம்மா."

"மரியாதையை நாங்கள் வீட்டில செய்யிறம். இங்க அவ போட்டிக்கு வந்திருக்கிறா."

நடுவர் எழும்பி எனக்குப் பக்கத்தில் வந்தார். ஒலிபெருக்கியில் விழாதபடி மெதுவாய்ச் சொன்னார். "யோசியுங்கோ பிள்ளை. இப்ப தீர்ப்பு உங்கட பக்கம்தான். திரும்பத் தொடங்கினால் எனக்குப் பிறகு பக்கம் பாக்க ஏலாது."

அந்த நேரம் எனக்கு அம்மாவின் விரல்தான் கண்ணுக்குள் வந்தது. கல்லைத் தடவப்போகிற விரல். தவம், அந்த ஒரு நிமிஷம் நான் பட்ட பாடு உனக்கு விளங்குமா? வாயை மூடிக்கொண்டு இறங்கினால் பெயர் எங்களுக்கு. அம்மாவுக்கு.

"தெரியும் ஐயா" என்றேன். மாலையைக் கழற்றி மேசையில் வைத்தேன். எறியவில்லை. எறிந்தேன் என்று சொல்கிறவர்கள் பொய் சொல்கிறார்கள். விளக்கை மாணவர் தலைவர் திரைக்குப் பின்னால் கொண்டுபோனார். உன் படத்தை நான் தூக்கிக்கொண்டு வந்து, முகம் மேடையைப் பார்க்கிற மாதிரி மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

சுபாங்கி இன்னும் அங்கேயே நின்றாள். "அக்கா, நான் சொன்னால் உங்களுக்கு நோகும்."

"நோகட்டும். நீங்கள் சொல்லுங்கோ."

அவள் கடதாசியை விரித்தாள். முதலில் மெதுவாய் வாசித்தாள். பிறகு குரல் உயர்ந்தது. நீ முதல் சுற்றிலேயே எல்லாப் பலத்தையும் கொட்டிவிடுவாயாம். பயிற்றுநர் கரையில் நின்று கத்துவாராம், நீ காதில் போடமாட்டாயாம். கடைசி வளைவில் திரும்பிப் பார்க்கிற பழக்கத்தால் கைக்குள் இருந்த தங்கத்தை ஒருமுறை விட்டாயாம். தோற்றால் கைகொடுக்க மாட்டாயாம். அஞ்சலோட்டத்தில் கோலைத் தவறவிட்ட பிள்ளையோடு ஒரு படிப்புத் தவணை முழுக்கக் கதைக்கவில்லையாம்.

ஒவ்வொன்றும் குத்தியது. ராணியக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, "இவளின்ர நாக்கைப் பாரன்" என்றா. ஆனால் தவம், ஒன்று சொல்லட்டுமா? நீ செத்த பிறகு உன்னைப் பற்றி நல்லது மட்டும்தான் எல்லோரும் சொன்னார்கள். பொறுமைசாலி, அடக்கமான பிள்ளை என்றெல்லாம். யாரைப் பற்றிச் சொல்கிறார்கள் என்று எனக்கே சந்தேகம் வரும். அன்றைக்குத்தான் அந்த ஒலிபெருக்கியில் உன்னைக் கண்டேன். மூக்கை விடைத்துக்கொண்டு, கைகொடுக்காமல் போகிற என் தங்கச்சியை. எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

கடைசியில் அந்தப் பிள்ளை ஒன்று சொன்னாள். "நிரோஷன் அண்ணா ஈட்டி கிடைக்காத காலத்தில மூங்கிலை எறிஞ்சு பழகினவர். அதே மூங்கிலைக் குடுத்து மற்றவைக்கும் பழக்கினவர். அவர் எறிஞ்சார், அவருக்குப் பின்னால நிறையப்பேர் எறிஞ்சினம். தவமலர் அக்கா ஓடினா. நாங்கள் பார்த்துக்கொண்டு நிண்டம்."

அதற்கு ஒருவரும் கைதட்டவில்லை. உண்மை என்று எல்லோருக்கும் பட்டிருக்க வேண்டும்.

பிறகு உன் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் சூடு ஏறிவிட்டது. காற்று, நெருப்பு எல்லாம் போய்விட்டது. ஒரு பொடியன் பாய்ந்து வந்தான். "அக்கா திரும்பிப் பார்த்தவதான்! ஆர் வருகினமெண்டு பயந்தில்லை, ஏன் ஒருத்தரையும் காணேல்லையெண்டு!" மண்டபம் சிரித்து அதிர்ந்தது. நானும் கத்தினேன். பழைய சப்பாத்தோடு, அதுவும் கிழிந்த சப்பாத்தோடு, நீ ஓடினதைச் சொன்னான். சுபாங்கி எழும்பி, "அப்ப நிரோஷன் அண்ணா வெறுங்காலோட ஓடி வந்து எறிஞ்சது?" என்று கேட்டாள். "ஈட்டிக்குக் கால் தேவையில்லை தங்கச்சி!" "அப்ப நீங்கள் எறிஞ்சு காட்டுங்கோ அண்ணா!" மேசையில் அடித்தார்கள், மணி அடித்தும் நிற்கவில்லை. நல்ல சண்டை தவம். நீ நடுவில் நின்ற சண்டை.

தீர்ப்பு நிரோஷனுக்குப் போனது.

நடுவர் நிறையச் சொன்னார். நீ கொஞ்ச இடைவெளியில்தான் தோற்றாய் என்றும் சொன்னார். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. உன் படத்தின் விளிம்பைப் பிடித்த கை வலித்தது.

வெளியே வரும்போது நிரோஷன் ஓடிவந்தான். கண் சிவந்திருந்தது. "அக்கா, எனக்கு இந்தப் பேர் வேண்டாம். நான் கடிதம் குடுக்கிறன். தவத்தின்ர பேரை வைக்கட்டும்."

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். சொல்ல வாய் திறந்தும் விட்டேன்.

"கடிதம் குடுத்தியெண்டால் என்ர வீட்டுப் பக்கம் வராதை" என்றேன். "எறிஞ்சவன் நீதானே? வைச்சுக்கொள். தவம் கேட்டிருந்தால் உனக்குக் கன்னத்தில விழுந்திருக்கும்."

அவன் அழுதுகொண்டே சிரித்தான். "விழுந்திருக்கும் அக்கா. ஒருக்கா விழுந்ததுதான்." அது என்ன கதை என்று நீ எனக்குச் சொல்லவே இல்லையே?

வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலில் கதிரை போட்டு இருந்தா. "பேர் வைச்சாச்சோ?" என்று கேட்டா. நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். அம்மா முழுவதையும் கேட்டா. பிறகு, "ஆர் உன்னைக் கேட்டது?" என்றா. அவ்வளவுதான். எழும்பிச் சுவரைப் பிடித்துப் பிடித்து உள்ளே போய்விட்டா. இன்றுவரை என்னோடு கதைக்கவில்லை. சாப்பாட்டை வைத்தால் சாப்பிடுகிறா. நான் பக்கத்தில் இருந்தால் முகத்தைத் திருப்புகிறா. பழைய போட்டிகளில் தோற்று வந்தால் நீயும் இப்படித்தான் இருப்பாய். யாரிடமிருந்து அந்தக் குணம் வந்தது என்று இப்போதுதான் விளங்குகிறது.

நான் செய்தது சரியா? எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கு இருக்கிற காலத்தில் அந்த ஒரு ஆசையை நான் பறித்துவிட்டேனா? நீ இருந்தால் எனக்குப் பக்கத்தில் நிற்பாயா, அம்மாவுக்குப் பக்கத்தில் நிற்பாயா? பதில் வராது என்று தெரிந்துகொண்டுதான் கேட்கிறேன்.

ஆனால் ஒன்றுமட்டும் உறுதியாய்ச் சொல்கிறேன், தங்கச்சி. உன்னைப் பற்றி யாராவது குறை சொன்னால் இனி நான் வாயைப் பொத்தச் சொல்லமாட்டேன். பொய்யென்றால் சண்டை பிடிப்பேன். உண்மையென்றால் ஓம் என்பேன். நீ செத்துப்போனாய் என்பதற்காக உனக்கு யாரும் வழிவிட நான் சம்மதிக்கமாட்டேன். முந்த ஏலுமானவர்கள் ஓடி முந்தட்டும்.

உன்னோடு ஒரு வயிற்றில் பிறந்த, உன் அக்கா
யோகம்