பதிவேட்டில் இல்லாத டூட்டி

நவ. 11, திங்கள்
காலையிலிருந்து தூறல். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் பஸ்ஸில் நின்றபடியே பயணம். வாங்க வேண்டியது: பாப்பாவுக்குக் கேப்பை மாவு, டயப்பர்.
முதியோர் காப்பகத்தில் கலா அக்கா, வார்டு பொறுப்பில் எனக்கு சீனியர், தன் ஆண்கள் வார்டை எனக்குத் தந்து என் மாடி வார்டை எடுத்துக்கொண்டார். "சிசேரியன் ஒடம்பு. எதுக்குப் படி ஏறி எறங்கிக்கினு?" ரிஜிஸ்டரில் மாற்றவில்லை. இங்கே எல்லாம் வாய்ப்பேச்சுதான். கூடப் பிறந்தவள்கூட இப்படிப் பார்க்கமாட்டாள்.

நவ. 19, செவ்வாய்
மழை. கொசுவுக்காக வார்டில் எல்லா ஜன்னலும் சாத்தல். பெருமாள் தாத்தாவுக்கு விடாத இருமல். ஒரு டம்ளர் கஞ்சி ஊட்ட அரை மணி.
"ஒம் புள்ளைக்கும் இப்பிடித்தான் ஊட்டுவியா?"
"அது ஒங்கள மாதிரி அடம் புடிக்காது தாத்தா."
எனக்குத் துணி மாஸ்க். நல்ல மாஸ்க் எல்லாம் பீரோவில், இன்ஸ்பெக்‌ஷனுக்கு.

நவ. 21, வியாழன்
தாத்தாவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். டி.பி.யாம். இன்ஸ்பெக்‌ஷன் முடியட்டும் என்று வைத்திருந்தார்களாம். ஃபைலில் சளி ரிசல்ட், 9ஆம் தேதி. வாங்கிக்கொண்டதற்குக் கலா அக்கா கையெழுத்து. 9 சனி. 11 திங்கள் வார்டு மாற்றம். மூன்று தடவை பார்த்தேன்.
கேட்டேன். குரல்கூட மாறவில்லை. "எனக்கு சுகர், தெரியுமில்ல. சொல்லியிருந்தா நீ லீவு போட்டுட்டுப் போயிருப்ப."
பத்து நாள். வீட்டுக்கு வந்ததும் கை மட்டும் கழுவிவிட்டுப் பால் கொடுத்திருக்கிறேன்.

நவ. 22, வெள்ளி
ஆண்கள் வார்டு ஆட்களுக்கு எக்ஸ்ரே. லிஸ்டில் அக்கா பேர், வார்டு துடைக்கும் ஆயா பேர். என் பேர் இல்லை.
சூப்பரின்டென்டிடம் போனேன். "ரிஜிஸ்டர்ல நீங்க மாடில இருக்கீங்களேம்மா."
அக்கா பக்கத்திலேயே. "ரிஜிஸ்டர்ல இருக்கறதுதான் சார்."
தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயா நிமிரவே இல்லை.

நவ. 23, சனி
வேலைக்குப் போகவில்லை. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு விழுப்புரத்திலேயே ஆஸ்பத்திரி டி.பி. பிரிவுக்கு. எழுதிக்கொண்டவர் கேட்டார்: "பேஷன்ட்டுக்கு நீங்க என்ன ஒறவு?"
"கஞ்சி ஊட்டினேங்க."
"எத்தினி நாளு?"
"பத்து."
வேறு எதுவும் கேட்கவில்லை. எழுதிக்கொண்டார்.
எக்ஸ்ரே எடுத்தாயிற்று. ரிசல்ட் திங்கள். பாப்பா எட்டு கிலோ, அவளையும் திங்கள் டாக்டர் பார்ப்பார். பால் கொடுக்கலாமாம், மாஸ்க்கோடு. இரண்டு வாய் குடிக்கிறாள், மாஸ்க்கைப் பிடித்து இழுக்கிறாள்.