இடப்பக்கப் புல்

மே 4, திங்கள்

அக்கா மகள் கப்பலேறி இன்றோடு ஒரு மாதம். சரக்குக் கப்பலில் சமையல் வேலை, ஆறு மாத ஒப்பந்தம். தன் இரண்டு முயல்களையும் என்னிடம் விட்டுப்போனாள். "உங்கள நம்பித்தான் மாமா போறேன்" என்றாள். வேறு ஆளா இல்லை? என்னைத்தான் நம்பினாள். அதை முதலில் எழுதி வைக்கிறேன்.

சாம்பல் நிறத்தது பொத்தான், பெண். வெள்ளையில் கறுப்புத் திட்டு உள்ளவர் மேனேஜர். அக்கா மகளின் பழைய ஆபீஸ் மேனேஜரைப் போலவே முன்னங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, எதிரே நிற்பவன் ஏதோ தப்புச் செய்துவிட்டது போலப் பார்ப்பாராம். நானும் அவரை 'அவர்' என்றே எழுதுகிறேன். பதவிக்கு மரியாதை.

கூண்டின் மேல் அவள் ஒட்டிய தாள்: காலையும் மாலையும் ஆளுக்கு ஒரு கைப்பிடி உலர்ந்த புல். அதுதான் சாப்பாடு, மற்றதெல்லாம் நொறுக்குத்தீனி. முகர்ந்து பார்க்காமல் வைக்காதீங்க மாமா. கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு.

அவள் வைத்துப்போன புல் தீர்ந்தது. கடையில் போய்க் கேட்டேன். தலையணை அளவுகூட இல்லாத பொட்டலம், விலையைக் கேட்டால் தலை சுற்றும். "இதுல முயலும் சேர்த்தாப்பா?" என்றேன். கடையில் நின்ற பத்துப் பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

மே 7

வழி கண்டுபிடித்தாயிற்று. நான் வேலை செய்கிற கிடங்குக்குப் பின்னால் விளையாட்டுத் திடலில் புல் வெட்டுகிறவர் மூன்று சாக்குப் புல் கொடுத்தார், கடை விலையில் பத்தில் ஒரு பங்குக்கு. நான் பேசிய பேச்சில் மனிதர் அசந்துபோனார். "உங்களுக்கு இல்லாததா அண்ணே" என்று சாக்கை அவரே தூக்கி வைத்தார்.

மே 8

வீட்டுச் சாமான் கட்டுகிற வேலையில் எனக்கு முப்பத்தோரு வருஷம். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு என்னிடமிருந்து தப்பித்துக்கொண்டது. ஆனால் நான் கட்டிய கண்ணாடி அலமாரி கடல் தாண்டிப் போய்க் கீறல் இல்லாமல் இறங்கியிருக்கிறது. அந்தக் கையால்தான் இன்று புல்லைக் கட்டினேன். பிளாஸ்டிக் சுருள் நான்கு சுற்று, முழங்காலால் அமுக்கிக் காற்றை வெளியேற்றி, ஓரத்துக்கு டேப். இருபத்திரண்டு பொட்டலம். எறும்புகூட உள்ளே மூச்சு விட முடியாது.

மனைவி எட்டிப்பார்த்து, "புல்லு என்ன ஓடியா போகப்போகுது, இந்தக் கட்டு கட்டுறீங்க?" என்றாள்.

தொழில் தெரியாதவர்களோடு என்ன பேசுவது.

மே 22

நான்காவது பொட்டலத்தைப் பிரித்தேன். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. இனிப்பும் புளிப்புமாக, பழைய புகையிலை டப்பாவைத் திறந்தது போல ஒரு வாசனை. பக்குவம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மேனேஜர் இரண்டு முறை தும்மினார். "தீர்க்காயுசு" என்றேன்.

மே 26

மேனேஜர் காலையிலிருந்து மூலையில் உட்கார்ந்திருக்கிறார். சாப்பிடவில்லை. கோபமாக இருப்பார்.

மே 27

மேனேஜர் போய்விட்டார்.

மே 28

குடியிருப்பின் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டி ஓரமாக மனைவி குழி தோண்டினாள். பெட்டி நான் கொண்டுவந்தேன். மண் போட்டு மூடுகிற பெட்டிதான். ஆனாலும் பழக்கத்தில் ஒட்டப் போனேன்; டேப்பை இழுத்தபோது அந்தக் கிறீச் சத்தத்தில் கை நின்றுவிட்டது. முப்பத்தோரு வருஷத்தில் நான் ஒட்டாமல் விட்ட முதல் பெட்டி.

மே 31, ஞாயிறு

கப்பலிலிருந்து போன். அங்கே படம் காட்டிப் பேச முடியாது, குரல் மட்டும்தான். அதுவும் விட்டுவிட்டு.

"ரெண்டு பேரும் எப்படி இருக்காங்க மாமா?"

"ராஜா ராணி மாதிரி இருக்காங்க."

வாய் தானாகச் சொன்னது. மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் குழாயை மூடினாள். போன் வைக்கும் வரை திறக்கவில்லை.

ஜூன் 3

ஒன்று கவனித்தேன். பழக்கத்தில் இரண்டு கைப்பிடி வைத்துவிடுகிறேன். பொத்தான் தட்டின் வலப்பக்கத்தை மட்டும் தின்கிறாள். இடப்பக்கம் அப்படியே இருக்கிறது. நடுவில் கோடு கிழித்தது போல.

தட்டைத் திருப்பி வைத்தேன். அவள் சுற்றி வரவில்லை. இப்போது எது வலமோ அதைத் தின்றாள்.

ஜூன் 7, ஞாயிறு

"மேனேஜர் என்ன பண்றாரு?"

சும்மா இருக்கிறார் என்று சொல்லியிருக்கலாம். என் நாக்குக்கு அது போதாது. நாற்காலியில் ஏறி உட்காருகிறார், எனக்கு முன்னால் பேப்பர் படிக்கிறார், படித்த பக்கத்தைக் கடித்து ஓரமாக வைக்கிறார் என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அங்கே யாரையோ கூப்பிட்டு, "எங்க மேனேஜர் பேப்பர் படிக்கிறாராம்!" என்றாள்.

"செத்தவருக்கு இன்னும் என்னென்ன வேலை வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள் மனைவி.

மேனேஜரின் பழைய படம் ஒன்றை அனுப்பி வைத்தேன்.

ஜூன் 10

நாற்காலியில் கிடந்த இன்றைய பேப்பரின் கீழ் ஓரம் கடிபட்டிருக்கிறது. பிறை வடிவத்தில், சுத்தமாக.

பொத்தான் காகிதத்தைத் தொட்டதே இல்லை. நாற்காலியில் ஏறவும் மாட்டாள். நான் கூட்டி எழுதவில்லை, மனைவியிடமும் காட்டினேன். கையில் வாங்கிப் பார்த்தாள், மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள்.

ஜூன் 12

மாலை நான்கு மணி. புல் வைக்கத் தாமதமானால் மேனேஜர் பின்னங்காலால் தரையைத் தட்டுவார். ஒரே ஒரு தட்டு — ஆபீஸ் ஃபைலை மேசையில் போடுவது போல. இன்று நான் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. திரும்பினேன். பொத்தான் வலது மூலையில் படுத்திருந்தாள். சத்தம் இடது மூலையிலிருந்து.

மேல்வீட்டில் ஏதாவது விழுந்திருக்கும். மேல்வீடு பூட்டிக்கிடக்கிறது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ஜூன் 14, ஞாயிறு

சிக்னல் இல்லை, போன் வரவில்லை. சந்தோஷப்பட்டேன். என் அக்கா மகள் பேசவில்லை என்று சந்தோஷப்பட்டேன்!

ஜூன் 16

பொத்தான் வலப்பக்கத்தையும் தொடவில்லை. மூக்கு ஈரம், மூச்சு வேகம். மேனேஜர் உட்கார்ந்த அதே மூலையில் போய், அதே மாதிரி கால்களைச் சேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

கோபமாக இருப்பாள் என்று எழுத இந்த முறை கை வரவில்லை. அக்கா மகள் இரண்டையும் வழக்கமாகக் காட்டுகிற மிருக வைத்தியரம்மாவிடம் ஓடினோம்.

"என்ன புல்லு குடுக்குறீங்க?"

"முதல் தரம் டாக்டர். மலையிலேருந்து எனக்குன்னே வரவழைக்கிறது."

"இதோட ஜோடி எங்கே?"

"ஊருக்குப் போயிருக்கு."

முயல் ஊருக்குப் போயிருக்கிறதாம்! அந்தம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். மனைவி பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தாள். எப்போது எடுத்துக்கொண்டாள் என்று தெரியவில்லை. என் கட்டு. நான்கு சுற்று, நேரான ஓரம். அந்த நேரத்திலும், நல்ல கட்டு என்று மனசு சொன்னது.

வைத்தியரம்மா கத்தரியால் கீறினார். வெள்ளையாகப் புகை மாதிரி ஒரு தூசி எழுந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலைத் திறந்தார்.

"ஈரத்தோட வச்சு இதுக்கு மூச்ச அடைச்சது யாரு?"

"நான்தான்" என்றேன். பிறகு, "இன்னொண்ணு செத்துப்போச்சு டாக்டர்" என்றேன்.

"இத முன்னாடியே சொல்றதுக்கென்ன? நீங்க மலைப் புல்லுன்னு சொன்னா நான் வேற ஏதோ வியாதின்னுல்ல தேடுவேன்?"

ஊசி போட்டார். கூழ் ஊட்ட ஊசிக்குழல் கொடுத்தார். இன்றும் நாளையும் தாண்டினால் பார்க்கலாம் என்றார். நல்ல புல் இல்லாமல் தாண்டாது என்றும்.

ஜூன் 17

மிச்சப் பொட்டலம் எல்லாவற்றையும் பிரித்தேன். ஒவ்வொன்றும் அதே வெள்ளை. எத்தனை நேர்த்தியாகக் கட்டினேனோ அத்தனை வெள்ளை.

திருத்தி எழுதுகிறேன். கடையில் பத்துப் பேர் இல்லை, நானும் கடைக்காரனும்தான், அவன் சிரிக்கவில்லை. புல் வெட்டுகிறவர் அசந்துபோகவில்லை. "ஒரு வெயில்தான் பட்டிருக்கு, இன்னும் ரெண்டு நாள் காயட்டும் அண்ணே" என்றார். "எனக்கேவா?" என்று கேட்டு எடுத்துவந்தது நான். முகர்ந்து பார்த்தேன், அதுவும் உண்மை. கெட்ட வாசனை என்று தெரிந்தது. என் கட்டுக்குள் எதுவும் கெடாது என்று மூக்குக்கே சொல்லிக் கொடுத்தேன்.

பொத்தான் ஊசிக்குழலைக் கடித்தாள். நல்லதாம், வைத்தியரம்மா சொன்னார்.

ஜூன் 18

கடைப் பொட்டலம் ஒன்றே ஒன்று வாங்கினேன். நான்கு நாள் வரும். நாலு மாதத்துக்கு எங்கே போவது? நகரத்துக்கு வெளியே குதிரை லாயம் இருக்கிறது என்று கிடங்கில் ஒருவர் சொன்னார். இரண்டு பஸ் மாறிப் போனேன். லாயக்காரம்மா முப்பது வயதுக்காரி, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ்.

"முயலுக்கா? என் குதிரை துப்புறதே உங்க முயலுக்கு ஒரு வாரம் வரும்."

நான் வாயைத் திறக்கவில்லை. இது எனக்கே புதுசு. பிறகு நடந்ததைச் சொன்னேன், ஒன்றும் சேர்க்காமல். சேர்க்காமல் சொன்னால் அது எவ்வளவு சின்னக் கதை! நாலு வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

அவள் ஒரு பிடி புல்லை எடுத்து முறித்தாள். படக்கென்று ஒடிந்தது. உதறினாள், தூசி இல்லை. என் மூக்குக்கு நேரே நீட்டினாள். மழை விட்ட பிறகு வெயிலடித்த தரை போல இருந்தது.

"கட்டு அவுந்து சிதறுனத யாரும் வாங்க மாட்டாங்க. புல்லு நல்ல புல்லுதான். வந்து நீங்களே கயித்துல கட்டிக் குடுத்தா, ஒரு மூட்டை எடுத்துக்கங்க. துணிப் பையில. பிளாஸ்டிக்கோட வந்தீங்கன்னா கேட்டையே திறக்க மாட்டேன்."

கட்டிக் கொடுத்துவிட்டு, கிளம்பும்போதே மனைவி என் பையில் திணித்துவிட்ட பழைய தலையணை உறை ஆறில் நிரப்பிக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் இருந்தவர்கள் ஒதுங்கி உட்கார்ந்தார்கள். வீட்டில் கொடிக்கம்பியில் தொங்கவிட்டிருக்கிறோம்.

ஜூன் 20

பொத்தான் தின்றாள். வலப்பக்கம். முழுசும்.

ஜூன் 21, ஞாயிறு

"மேனேஜர் இந்த வாரம் என்ன படிச்சாரு மாமா?"

"பாப்பா, மேனேஜர் செத்துட்டாரு. மே இருபத்தேழு. நான் ஈரப் புல்லக் கட்டி வச்சுக் குடுத்தேன். பூஞ்சை பிடிச்சுப்போச்சு. வாசனை தெரிஞ்சும் குடுத்தேன். பேப்பர் படிச்சதெல்லாம் பொய்."

அந்தப் பக்கம் இயந்திரச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

மனைவி தட்டில் சாப்பாடு போட்டு என் பக்கத்தில் வைத்தாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஜூன் 28, ஞாயிறு

போன் வரவில்லை. சிக்னல் இருந்திருக்கும்; இன்று கப்பல் துறைமுகத்தில்தான் நிற்கும் என்று அவளே முன்பு தேதி சொல்லியிருந்தாள்.

நான்கு மணிக்குத் தரையைத் தட்டும் அந்தச் சத்தம். பதில் சொல்வது போல நானும் எழுந்து போய்ப் புல் வைத்தேன்.

ஜூலை 4

இறந்தவருக்கும் சேர்த்துப் புல் வைப்பது என்ன பைத்தியக்காரத்தனம்? இன்று மாலை ஒரே ஒரு கைப்பிடி வைத்தேன். தட்டின் நடுவில்.

ஜூலை 5, ஞாயிறு

காலையில் பார்த்தேன். பொத்தான் சுகமாகத்தான் இருக்கிறாள், காதைச் சொறிந்துகொண்டு. தட்டில் பாதிக் கைப்பிடி புல் மிச்சம். இடப்பக்கப் பாதி.

அவள் பசியோடு இருந்திருக்கிறாள். இருந்தும் தொடவில்லை.

பத்து மணிக்குப் போன் அடித்தது. எடுத்தேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. நானாகவே தட்டில் பார்த்ததைச் சொன்னேன். சொல்லிவிட்டு, "சத்தியமா கூட்டிச் சொல்லலம்மா" என்றேன்.

"தெரியுது" என்றாள். மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு, "ரெண்டு பேருக்குமே வைங்க மாமா. முகர்ந்து பாத்துட்டு வைங்க" என்றாள்.

தலையணை உறையில் கைவிட்டு ஒரு பிடி எடுத்து முகர்ந்தேன். வலப்பக்கம் வைத்தேன். இன்னொரு பிடி எடுத்தேன். அதையும் முகர்ந்து பார்த்துத்தான் வைத்தேன்.