ஏழாம் தடி

கண்ணகை அம்மன் துணை

ஆரையம்பதி
14.02.2010

அன்பு மகள் வதனிக்கு அம்மா எழுதுவது, நானும் தம்பியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நோர்வேக் குளிரில் நீயும் நெஞ்சுச் சளி இல்லாமல் இருக்க அம்மன்தான் காக்க வேண்டும். தம்பி வவுணதீவு வட்டையில் அறுவடைக்குப் போய்க் கறுத்து வருகிறான். போனில் நீ கேட்டபோது கமராவில் பிழை என்று சொன்னேனே, அது பொய் மனே. வாயால் சொல்லத் தைரியம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஆற்றுச் சேற்றில் நிற்கிற கண்ணாக்காட்டில் உன் படிப்புக்காக நீ அடையாளம் நட்டுவிட்டுப் போன பத்துத் தடியிலும் கமராவை மல்லாத்தி வைத்து மேலே படம் எடு, இலை எவ்வளவு வானம் எவ்வளவு என்று கணக்குப் பார்க்கலாம் என்றாய். முதல் மாதம் உச்சி வெயிலில் எடுத்து, வெளிச்சம் இலையைத் தின்றுவிட்டது என்று ஏசினாய், அதன்பிறகு பொழுது ஏறமுன்னமே போகிறேன். ஆனால் ஏழாம் தடிக்கு நான் ஒருநாளும் போகவில்லை. மூன்று மாதமும் எட்டாம் தடியில் நின்று கமராவைக் கொஞ்சம் திருப்பி இரண்டு படம் எடுத்து அனுப்பினேன், இரண்டும் ஒன்றுபோல இருக்கிறதே என்று கண்டுபிடித்துவிட்டாய், படித்த பிள்ளையை ஏய்க்க முடியுமா. ஏழாம் தடி நிற்கிற இடத்தில்தான் கடல் வந்த அன்று அப்பாவின் உடலை எடுத்தார்கள். நீ பேராதனைக் கம்பஸிலிருந்து வந்து சேரமுன் எல்லாம் முடிந்துவிட்டது, உனக்கு யாரும் இடத்தைச் சொல்லவில்லை, உன்னில் குற்றமில்லை. அன்று அந்த மரங்களில் ஒரு இலை இல்லை, கிழிந்த சீலைகள்தான் தொங்கின.

நேற்று காத்தான்குடி முனாப்பின் தோணியில் போனேன். சண்டைக் காலத்தில் கமராவோடு ஆற்றில் இறங்க முடியுமா, இப்போதும் கரையில் நின்ற ஆமிக்காரர் என்ன படம் என்று கேட்டார், வானம் என்றேன், சிரித்துவிட்டுப் போகச் சொன்னார். எட்டாம் தடியை எடுத்துவிட்டு வழமைபோலத் தோணியில் ஏறப் போனேன். அன்று அப்பாவைத் தேடி வந்தவர்களில் முனாப்பும் ஒருவர், அவருக்குத் தெரியும். “அக்கா, நான் தோணியப் பிடிச்சிக்கிறன், நீங்க ஆறுதலாப் போயிட்டு வாங்க” என்றார். முழங்கால் சேற்றில் நடந்து போனேன். முதல் இரண்டு படமும் ஆடிப்போயின, மூன்றாவது நேராக வந்தது.

என் பொய்ப் படங்களை உன் கணக்கிலிருந்து வெட்டிவிடு, தடியை மாற்ற வேண்டாம், ஒவ்வொரு மாதமும் நானே போவேன். நேரத்துக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை, எடுத்த படிப்பை முடித்துக்கொண்டு வர அம்மன் துணை நிற்பாள். படத்தைக் கடையில் பெரிதாக்கிக் காட்டினார்கள். அப்பாவை எடுத்த இடத்தில் இப்போது வானம் கொஞ்சம்தான் தெரிகிறது மனே. எவ்வளவு என்று நீ சரியாகக் கணக்குப் பார்த்துச் சொல்லு.

உன் வழி பார்த்திருக்கும் அம்மா,
அன்னப்பூரணி